விசாரிக்க வந்தோம்

பிப்ரவரி 12, செவ்வாய்

மருந்துக் கம்பெனிக்காரன் இந்த வருஷத்து டைரியை இன்றைக்குத்தான் கொண்டுவந்து கொடுத்தான். ஜனவரி முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது. கேட்டால், "உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சேன் லமிலி அக்கா" என்கிறான். இந்தக் கடற்கரை ஊர் டெஷியில் இருக்கிற அத்தனை மருந்துக் கடைக்கும் கொடுத்து முடித்து, மிஞ்சியது எனக்கு. போகட்டும், அட்டை கெட்டியாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கடல் சாமிக்கு ஓய்வு நாள், படகு இறங்கக் கூடாது. அதனால் கடற்கரை ஆண்கள் முழுக்க என் கடை வாசலில். முதுகு வலிக்கிறதாம், பல் வலிக்கிறதாம், நேற்றுக் குடித்தது தலையைப் பிளக்கிறதாம்.

சாயங்காலம் அஷிட்டே வந்தான். துறைமுகத்து வேலை முடிந்தால் நேரே வீட்டுக்குள் போகிறவன், இன்று கடைக்குள் வந்து அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தான். நான் எனக்கென்று வைத்திருந்த பொரித்த மீனில் பாதியைத் தின்றான். தம்பி என் தட்டில் கை வைத்தால் ஏதோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம். தையல்கடை ஷோமேக்கு ஐந்து மாதமாம்.

நன்றாகத் திட்டினேன். பிறகு, உன்னோடதுதானா என்று கேட்டேன். தரையைப் பார்த்துச் சிரித்தான். "என்னோடதுதான்க்கா. பெரியப்பாகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு வெக்கமா இருக்கு."

வெட்கமாம். ஐந்து மாதம் கழித்து.

பிப்ரவரி 16, சனி

பெரிய தப்புப் பண்ணிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் வயிற்றில் பிள்ளை என்றால் எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. முதலில் ஒரு ஜின் பாட்டிலோடு பெண் வீட்டுக்குப் போய், "விசாரிக்க வந்தோம்" என்று சொல்ல வேண்டும். எல்லார் முன்னாலும் பெண்ணிடம் யார் என்று கேட்பார்கள், அவள் பேர் சொல்வாள். திரும்பி வந்து பையனைக் கேட்டு, பிறகு இன்னொரு நாள் இரண்டு பாட்டிலோடு போய் "ஏற்றுக்கொள்கிறோம்" என்று சொல்ல வேண்டும். பேசுவது எப்போதும் ஒக்போட்டி பெரியப்பாதான். ஆனால் அவருக்கு இன்று காலை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். சொன்ன நாளை மாற்றக் கூடாது. வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு, "நீ பேஷு" என்றார். வழி முழுக்க அந்தப் பஞ்சுக்குள்ளிருந்தே பாடம் நடத்தினார். விசாரிக்க வந்தோம், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது.

ஷோமேயின் அப்பா கோட்டே வீட்டில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். என்ன சேதியோடு வந்தீர்கள் என்று முறையாகக் கேட்டார்கள். ஷோமே ஓரமாக ஸ்டூலில் இருந்தாள். காலைப் பார்த்தேன், கணுக்கால் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் பதிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தேன். "ஷோமே வயித்துல இருக்கிறது எங்க வீட்டுப் பிள்ளை. நாங்க ஏத்துக்கிறோம்."

எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? கோட்டே ஒரு நொடி தாமதிக்கவில்லை. பாட்டிலைத் திறந்து முன்னோருக்குத் தரையில் ஊற்றினார், ஒரே கிண்ணம் எல்லாருக்கும் சுற்றி வந்தது. திறந்து குடித்துவிட்டால் சொன்னது சொன்னதுதான். பெரியப்பா பஞ்சோடு சேர்த்து விழுங்கினார். வீடு வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

பிப்ரவரி 17

பெரியப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. காலையிலிருந்து அதை என் மேல்தான் உபயோகிக்கிறார். அனுப்பிய சொல்லைத் தாண்டிப் பேசிய முதல் ஆள் இந்த வீட்டிலேயே நான்தானாம். ஒரு பாட்டிலோடு போய் ஏற்றுக்கொண்டவளும் நான்தானாம். அஷிட்டே மட்டும் சிரித்தான், "விடுங்க பெரியப்பா, ஒரு பாட்டில் காசு மிச்சம்" என்றான்.

மார்ச் 11

அஷிட்டே சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

துறைமுகத்து ஊர் தேமாவில் ஒரு நர்ஸாம், சர்ச்சில் பழக்கமாம். அந்தப் பெண்ணின் அப்பா துறைமுகத்தில் இவனுக்கு மேலதிகாரிக்கும் மேலே. அடுத்த வருஷம் கல்யாணப் பேச்சு. பெரியப்பாவுக்கு வாயெல்லாம் பல், பிடுங்கியது போக மிச்சமிருக்கிறது எல்லாம்.

அப்போ ஷோமே? கேட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அஷிட்டே, "அது யாரோடதுன்னு யாருக்குத் தெரியும்" என்றான். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். என் மீனைத் தின்ற அதே வாய்!

மார்ச் 15

ஷோமே கடைக்கு வந்தாள், தலைவலிக்கு மாத்திரை கேட்டாள். மாத்திரையை எடுக்காமல் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்று ஐம்பதுக்கு மேல். இரண்டாவது தடவையும் பார்த்தேன், குறையவில்லை. என் கடையில் மாத்திரை கிடையாது போ என்று கத்திவிட்டேன். டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

பயமாக இருக்கிறது. இந்தக் கடையில் பதினாலு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், இந்த மாதிரி வீங்கின காலோடு போய்த் திரும்பாத பெண்களை எனக்குத் தெரியும்.

மார்ச் 16

இரண்டு நாள் வைத்திருப்பார்களாம். படுத்தே இருக்க வேண்டும், மெஷினை மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் தையல்கடை மூடல். காப்பீட்டு அட்டை பாதிக்குத்தான் உதவும். ஸ்கேனும், எழுதிக் கொடுத்த புது மாத்திரையும் கைக்காசு. கோட்டே ஓட்டுகிற மினி பஸ் இன்னொருத்தருடையது, அதுவும் வாரத்தில் பாதி நாள் பட்டறையில்.

அஷிட்டேயிடம் சொன்னேன். போனைப் பார்த்துக்கொண்டே, "நான் டாக்டரா?" என்றான்.

ஏப்ரல் 3

சம்மன் வந்துவிட்டது. ஷோமே குடும்பத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறாள். கர்ப்பத்தின் மருத்துவச் செலவு, பிரசவச் செலவு, பிரசவத்துக்குப் பிறகு ஒன்பது மாதம் தாயின் சாப்பாடு, இவற்றுக்குப் பணம் கேட்டிருக்கிறாள். சட்டத்தில் அப்படி இருக்கிறதாம். இத்தனை வருஷம் கர்ப்பிணிகளுக்கு மருந்து விற்கிறேன், எனக்கே தெரியாது.

பெரியப்பா அந்தக் காகிதத்தை முற்றத்தில் வைத்து எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். "இன்னும் பிள்ளையே பொறக்கல, அதுக்குள்ள வயித்துக்கு வாடகை கேக்குறா." எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூட. நான் சிரித்தேனா? சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டேன். அது இன்னும் கேவலம்.

ஏப்ரல் 9

ஷோமேயைப் பார்க்கப் போனேன். பின்வாசல் வழியாக, திருடி மாதிரி. இடது பக்கம் சாய்ந்து படுத்திருந்தாள். தலைமாட்டில் யாருடைய கல்யாணத்துக்கோ வெட்டி வைத்த துணி தைக்காமல் கிடந்தது. கோர்ட் வரைக்கும் போகணுமா என்று கேட்டுவிட்டேன். எங்கள் வீட்டு ஆளாகத்தான் கேட்டேன், இப்போது எழுதும்போது தெரிகிறது.

"பாதிதான்க்கா கேட்டிருக்கேன்" என்றாள். "மீதியத்தான் என் உடம்பு குடுக்குதே."

பிறந்த பிறகு ரத்தப் பரிசோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடாதா என்றேன். தெரியும்தான், ஆனால் பிறக்கிறவரைக்கும் உயிரோடு இருக்க வேண்டுமே என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

ஏப்ரல் 15

நானும் சாட்சியாம். பேர் போட்டு வந்திருக்கிறது. எதிர்பார்த்ததுதான்.

பரிசோதனைக்கு முன்னால் தீர்ப்பாயத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. ஆண் வீட்டார் முறைப்படி ஏற்றார்களா? பாட்டிலைத் திறந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெரியப்பா அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார். விசாரிக்கத்தான் அனுப்பினோம், லமிலி உளறிவிட்டாள், அனுப்பாத சொல் வீட்டைக் கட்டாது. நான் செய்ய வேண்டியது தலையாட்டுவது மட்டும்.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. உளறியது உண்மை. அனுப்பியது வேறு, சொன்னது வேறு, உண்மை. "ஆமா, வாய் தவறிட்டேன்" என்றால் எந்தச் சாமியும் என்னைக் கேட்காது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அஷிட்டே கடையில் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யா?

ஏப்ரல் 20

பெரியப்பா கடைக்கு வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவைகூட வராதவர். அலமாரியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். "நல்ல ரூம். வீட்டுச் சொத்து. ரோட்டைப் பாத்து இருக்கு, யாரு கேட்டாலும் வாடகைக்குப் போகும்" என்று சொல்லிவிட்டு, இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார்.

என் மகள் நாடே பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயசு. கடை போனால் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று அவளும் கணக்குப் போட்டிருப்பாள். அவள் அப்பா போன இடம் தெரியவில்லை, எனக்கு இந்தக் கடை ஒன்றுதான்.

ஏப்ரல் 22

சாப்பாடு இறங்கவில்லை. மக்காச்சோள மாவுக் கெங்கி உருண்டையை இலையிலிருந்து பிரித்து வைத்தேன், அப்படியே காய்ந்துவிட்டது. அம்மா வந்து உட்கார்ந்தாள். தம்பியா ஊரான் மகளா என்றாள். காய்ந்த உருண்டையை மறுபடி இலையில் சுற்றினேன். பிறகு, ஷோமேக்கு இப்போது கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இவள் எந்தப் பக்கம்?

ஏப்ரல் 23

அஷிட்டே வந்தான். என் தட்டைத் தொடவில்லை. "நாளைக்குச் சொதப்பிடாதக்கா. என் வாழ்க்கையே உன் வாயிலதான் இருக்கு" என்றான். அவன் குரல் உடைந்தது. சின்ன வயசில் அலையில் உருண்டு போனவனை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டேனே, அன்றைக்கு இருந்த மாதிரியே முகம். பாவமாக இருந்தது. ஆமாம், பாவமாகத்தான் இருந்தது, எழுதி வைக்கிறேன்.

அன்றைக்கு என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லலயே."

ஏப்ரல் 24, புதன்

போகும் முன் என் ரத்த அழுத்தத்தை நானே பார்த்துக்கொண்டேன். ஷோமேக்குப் போட்டியாக இருந்தது.

தீர்ப்பாயம் என்றதும் பெரிய மண்டபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு மேசை, மின்விசிறி, தலைமை தாங்கும் நீதிபதி அம்மாவும் இன்னும் நான்கு பேரும். ஷோமேயை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தார்கள். அஷிட்டே சர்ச்சுக்குப் போகிற சட்டையில் வந்திருந்தான். பெரியப்பா முதலில் பேசினார், அழகாகப் பேசினார், பஞ்சு இல்லாமல்.

பிறகு என்னை அழைத்தார்கள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களை என்ன சொல்லச் சொல்லி அனுப்புனாங்க?"

விசாரிக்க வந்தோம் என்று சொல்லத்தான் அனுப்பினார்கள் என்றேன். பெரியப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்னேன் என்றேன்.

முடிந்தது என்று நினைத்தேன். அவ்வளவுதான் கேட்பார்கள் என்றுதானே எல்லாரும் சொன்னார்கள். உட்காரத் திரும்பிவிட்டேன். அந்த அம்மா எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், சாதாரணமாகக் கேட்டார்.

"ஏன் மாத்திச் சொன்னீங்க?"

ஏன்? இரண்டு மாதமாக எல்லாரும் என்னைத் திட்டினார்கள், மிரட்டினார்கள், கெஞ்சினார்கள். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வாய் தவறிவிட்டது என்று சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது. ஷோமேயின் காலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்க்கவும் இல்லை. அஷிட்டேயைத்தான் பார்த்தேன்.

"எனக்கு ஏற்கெனவே தெரியும்மா. அங்க போறதுக்கு நாலு நாள் முன்னாடி என் தம்பி என் கடையில உக்காந்து, என்னோடதுதான்னு சொன்னான். தெரிஞ்ச விஷயத்த எப்படி விசாரிக்கிறது?"

அஷிட்டே தலையைக் குனிந்துகொண்டான். மறுக்கவில்லை. மறுத்திருந்தால் என் சொல் எங்கே எடுபட்டிருக்கும்? அவனால் முடியவில்லை. அதை நினைத்து இப்போது அழுகிறேன். பொய்யில் முழுசாகத் தேறாத பிள்ளை.

ஏப்ரல் 25

வீட்டில் யாரும் பேசவில்லை. கடையைத் திறந்தேன். பூட்டை மாற்றவில்லை. இன்னும்.

மே 8

உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரிச் செலவில் பாதி, மாதா மாதம் சாப்பாட்டுக்கு ஒரு தொகை, பிறந்த பிறகு பரிசோதனை. சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்களாம். அதனால் துறைமுகம் முழுக்கத் தெரிந்துவிட்டது, நர்ஸ் வீட்டுக்கும்தான். கல்யாணப் பேச்சு நின்றது. அஷிட்டே தேமாவிலேயே நண்பனோடு தங்கிக்கொண்டான்.

பெரியப்பா முற்றத்தில் எல்லார் முன்னாலும் அறிவித்தார். இனி எந்த வீட்டுக்கும் சொல் சொல்ல லமிலியை அனுப்ப மாட்டோம். கடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மறந்தாரா, மிச்சம் வைத்திருக்கிறாரா? ஒவ்வொரு நாளும் சாவியைப் போடும்போது திரும்புகிறதா என்று பார்க்கிறேன்.

மே 21

ஊர்த் திருவிழாவுக்கு முன்னால் மேளம் அடிக்காத மாதம் ஆரம்பம். சர்ச்சில்கூடக் கைதட்டல் இல்லை. எங்கள் வீட்டில் அது ஒரு மாதமாகவே நடக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

பிறந்துவிட்டது! பையன். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், ஷோமேக்கு வலிப்பு வருகிற நிலைமையாம். ஒரு மணிநேரம் தாமதித்திருந்தால் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஆரம்பித்தாள், மேலே சொல்லாதே என்றேன். இரண்டு பேரும் பிழைத்தார்கள். பிழைத்தார்கள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வலது காது மேல்நுனி மடங்கியிருக்கிறது. அஷிட்டேக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான், பெரியப்பாவுக்கும்.

ஜூன் 13

காதைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அம்மா பெரியப்பாவிடம் சொல்லிவிட்டாள். பெரியப்பா என்னை அழைத்தார்! ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என் பேரைச் சொல்லி.

எட்டாம் நாள் விடியலில் குழந்தையை அப்பன் வீட்டு முற்றத்தில் கிடத்தி, கூரையில் தண்ணீர் ஊற்றி, சொட்டும் தண்ணீரில் நனைத்து, எங்கள் வீட்டுப் பேர் வைக்க வேண்டும். பணம் கட்டுகிறோம் அல்லவா, பேர் நம்முடையது என்கிறார். குழந்தையைக் கேட்டு நாளைக்குப் போக வேண்டும், நான்தான் பேச வேண்டுமாம். "அவங்க உன் வாயத்தான் நம்புவாங்க."

ஜூன் 14

இரண்டு பாட்டில். இந்த முறை அனுப்பிய சொல்லை அப்படியே சொன்னேன், ஒரு எழுத்து மாற்றவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தோம்.

கோட்டே பாட்டில்களைத் தொடவில்லை. மகளைப் பார்த்தார். ஷோமே பாயில் சாய்ந்திருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் செலவுக்குத்தான் கோர்ட்டுக்குப் போனேன் பெரியவரே. பேருக்குப் போகல. யாரோடதுன்னு யாருக்குத் தெரியும்னு சொன்ன வீட்டுல என் பிள்ளைய எப்படித் தரையில கிடத்துறது?"

பெரியப்பா என்னை இடித்தார், பேசு என்று. பாட்டில்களை மூடியைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். கடைத்தெரு வழியாக எல்லாரும் பார்க்க அவற்றை நான்தான் தூக்கிவந்தேன்.

பெரியப்பா மேல் கோபம் வரவில்லை. எனக்கும் அந்தப் பிள்ளை வேண்டும் என்று இருந்தது. உண்மையைச் சொன்னதற்குக் கூலியாக எதிர்பார்த்தேனோ? எதிர்பார்த்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

விடியலில் கடை வாசலில் நின்றேன். மேளம் இல்லாத மாதம், அதனால் கோட்டே வீட்டுக் கூரையில் தண்ணீர் விழுகிற சத்தம் இங்கே வரை கேட்டது. பிறகு குழந்தை அழுதது. அம்மா எனக்குப் பின்னால் எப்போது வந்து நின்றாள் என்று தெரியாது.

ஜூலை 18

பரிசோதனை முடிவு வந்தது. அஷிட்டேயுடையதுதான். அந்தக் காதைப் பார்த்தாலே போதாதா, இதற்கு ரத்தம் எதற்கு?

ஆகஸ்ட் 27, செவ்வாய்

திருவிழா முடிந்துவிட்டது. ஊர் முழுக்க இன்னும் எண்ணெய்ப்பனைப் பழக் குழம்பு வாசனை. படகு இறங்காத நாள், கடை நிறைய ஆண்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அளவில்லாமல் தின்றால் அப்படித்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷோமே வந்தாள். மெலிந்திருக்கிறாள், கால் வீக்கம் இல்லை. நேற்று மறுபடி தையல்கடையைத் திறந்தாளாம். அஷிட்டேயின் பணம் ஒழுங்காக வருகிறதாம். போன வாரம் அவனே வந்து வாசலில் நின்றானாம், உள்ளே கூப்பிடவில்லையாம், நாளைக்கு எப்படியோ தெரியாது என்றாள். குழந்தைக்கு வயிற்றுப் பொருமலுக்கு மருந்து கேட்டாள். பேர் என்ன வைத்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மருந்துப் புட்டியின் விலையைச் சொன்னேன்.

பர்ஸ், குழந்தையை முதுகில் கட்டிய துணியின் இடுப்பு முடிச்சில் மாட்டிக்கொண்டது. முடிச்சை அவிழ்க்காமல் எடுக்க முடியாது. ஒரு நொடி யோசித்தாள். பிறகு முதுகிலிருந்து குழந்தையை அவிழ்த்துக் கல்லாவுக்கு மேலாக என்னிடம் நீட்டினாள். என்னைப் பார்க்காமல் குழந்தையிடம்தான் சொன்னாள்.

"அடோட்டே, அழாம இரு. அத்தைகிட்டதான குடுக்குறேன்."